படலையடியில் சொல்லாதீர்கள்: முதலீடு கேட்கப் போகும் யாழ்ப்பாணத்துத் தொழில்முனைவோரின் கேள்விகளும் என் பதில்களும்

ஞாயிறு காலைகளில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு மேல்மாடி அறையில் நாலைந்து பேர் கூடுவோம். தொழில் தொடங்கியவர்களும் தொடங்கப்போகிறவர்களும் தங்கள் பிட்ச் டெக்கை, அதாவது முதலீட்டாளருக்குத் தொழிலை விளக்கும் ஸ்லைடுத் தொகுப்பை, கொண்டுவருவார்கள். நான் சிவப்புப் பேனையோடு இருப்பேன். நான் முதலீட்டாளன் அல்லன். குருநகர் மீனைக் கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, பதினொரு பேரிடம் முதலீடு கேட்டு, ஒருவரிடம் மட்டும் பெற்று, நான்கு ஆண்டுகள் நடத்தி மூடியவன். வாரத்துக்கு வாரம் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

துணிகர முதலீட்டாளர் என்பவர் யார்? வங்கியிலிருந்து எப்படி வேறுபடுகிறார்?

வங்கி காணி உறுதியைக் கேட்கும், அல்லது அரச உத்தியோகம் பார்க்கும் இரண்டு பிணையாளிகளைக் கேட்கும். உங்கள் தொழில் வானத்தைத் தொட்டாலும் அதற்குக் கிடைப்பது வட்டிதான். துணிகர முதலீட்டாளர் ஈடு கேட்பதில்லை. தொழில் விழுந்தால் அவருடைய காசும் அதோடு போய்விடும். பதிலுக்கு அவர் உங்கள் கம்பனியில் பங்கு எடுக்கிறார்.

பெரும்பாலும் அது அவருடைய சொந்தக் காசும் அன்று. ஓய்வூதிய நிதியங்கள், பெரிய நிறுவனங்கள், செல்வந்தர்கள் ஆகியோரிடம் திரட்டிய நிதியம் அது. அதன் ஆயுள் வழக்கமாக 10 ஆண்டுகள். நிர்வாகச் செலவுக்கு ஆண்டுக்கு 2 வீதம், இலாபத்தில் 20 வீதம் என்பது அந்தத் தொழிலின் பழைய கூலிக் கணக்கு. அவரும் யாருக்கோ பதில் சொல்லவேண்டியவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மில்லியன் டொலர் நிதியம் ஒன்று 25 நிறுவனங்களில் முதலீடு செய்கிறது. பாதி நிறுவனங்கள் போட்ட முதலையே திருப்பித் தராது என்பது அவருக்குத் தெரியும். காசு தந்தவர்கள் மூன்று மடங்காவது எதிர்பார்ப்பார்கள், அதாவது 60 மில்லியன். உங்கள் கம்பனியில் அவருக்கு 10 வீதம் இருந்து, அதை 5 மில்லியன் டொலருக்கு விற்றால் உங்கள் வீட்டில் பொங்கல், அவருடைய கணக்கிலோ அரை மில்லியன் மட்டும். 60 மில்லியன் தேடுகிறவருக்கு அது கைச்செலவு. "நல்ல தொழில்தான், ஆனால் எங்களுக்குப் பொருந்தாது" என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லவில்லை.

அப்படியானால் எனக்கு இந்தக் காசு தேவைதானா?

அறைக்கு வருகிற பத்துப் பேரில் ஆறேழு பேருக்குத் தேவையில்லை என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். நல்ல சாப்பாட்டுக் கடை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் ஐந்து பேர் நிறுவனம், பனம்பொருள் ஏற்றுமதி எல்லாம் குடும்பத்தைத் தாங்கும் தொழில்கள். பத்து ஆண்டுக்குள் நூறு மடங்கு ஆகவேண்டிய கட்டாயத்தை அவற்றின் தலையில் ஏற்றினால் முறிந்துவிடும்.

சென்னையைப் பாருங்கள். 1996 இல் தொடங்கிய சோஹோ வெளியார் முதலீடு எடுக்காமலே உலகம் முழுவதும் விற்கிறது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010 இல் வெளியே வந்து பிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார், அடுத்த ஆண்டே துணிகர முதலீடு எடுத்தார், 2021 இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார். ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே வகை மென்பொருள், இரண்டு பாதைகள். எந்தப் பாதை என்பதைக் காசு கேட்பதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யாரைத் தேடுவது?

ஊரிலேயே தொடங்கலாம். யாழ் ஐ.ரி. ஹப் பல ஆண்டுகளாக நடத்திவரும் யாழ் கீக் சலஞ்ச் போட்டி, மேடையில் நின்று கேள்வி வாங்கிப் பழக நல்ல களம். பரிசு கிடைக்காவிட்டாலும் நடுவர்களின் முகத்தைப் பார்த்து எந்த ஸ்லைடில் அவர்கள் தொலைந்தார்கள் என்று கற்றுக்கொள்ளலாம். கொழும்பில் லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க் தனி முதலீட்டாளர்களின் கூட்டமைப்பு. பி.ஓ.வி. கெப்பிட்டல் போன்ற நிதியங்களும் இருக்கின்றன. புலம்பெயர்ந்த நம்மவர்களில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் தொழில் செய்து விற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உறவுக்காரராக அல்ல, முதலீட்டாளராகவே அணுகுங்கள். இந்த வேறுபாட்டுக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், இந்தத் தீவு சிறியது.

எவ்வளவு வேண்டும் என்பதை எப்போது சொல்வது?

முதலிலேயே. இதை எழுதத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊரில் ஒருவர் காரியமாக வீட்டுக்கு வந்தால் விறாந்தையில் இருப்பார், தேநீர் குடிப்பார், மழை, தோட்டம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசுவார். எழுந்து, சப்பாத்தைப் போட்டு, முற்றம் கடந்து, படலையில் கை வைத்த பிறகு, "அது ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயம்…" என்று தொடங்குவார். வந்த காரியம் அதுதான். கேட்பதில் உள்ள கூச்சத்தை நாகரிகமாக்கிய முறை இது, எனக்குப் பிடித்ததும்கூட. முதலீட்டாளர் முன்னால் மட்டும் அது ஆகாது.

2016 இல் கொள்ளுப்பிட்டியில் ஏழாம் மாடியில் ஓர் அறை. குளிரூட்டி எலும்பைக் குடைந்தது. என்னிடம் 23 ஸ்லைடுகள். எதிரே என் அக்காவின் வயதில் ஒரு பெண்மணி. குருநகர் இறங்குதுறையின் வரலாற்றில் தொடங்கினேன், ஐஸ் உருகும் வேகத்துக்கு ஒரு வரைபடம் வைத்திருந்தேன். பதினான்காம் ஸ்லைடில் அவர் கொப்பியை மூடினார். "எவ்வளவு வேண்டும்?" என்றார். அந்தத் தொகை இருபத்திரண்டாம் ஸ்லைடில் இருந்தது. எனக்கு நா எழவில்லை. கலியாணப் பேச்சில் சீதனத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வது போல, "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நான் பார்த்துச் செய்தால் பூச்சியம்தான் வரும்" என்றார்.

பூச்சியம்தான் வந்தது.

இப்போது வருகிறவர்களிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குள் மூன்று வசனங்களைச் சொல்லச் சொல்கிறேன்: என்ன செய்கிறோம், இதுவரை எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு கேட்கிறோம், அது எத்தனை மாதம் தாங்கும். (நாலாகிவிட்டது. பரவாயில்லை.) "2 கோடி ரூபாய் திரட்டுகிறோம். மாதச் செலவு 10 இலட்சம், ஆகவே 20 மாதங்கள். அதற்குள் 140 கடைகளை 1,000 ஆக்கவேண்டும்." இப்படிச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் மீதி நேரம் முழுவதும் அந்த எண்ணோடு ஒப்பிட்டே உங்களைக் கேட்பார். சொல்லாவிட்டால், "இவன் எங்கே வருகிறான்" என்ற யோசனையோடுதான் இருப்பார்.

முதல் மின்னஞ்சல் எப்படி இருக்கவேண்டும்?

தொலைபேசித் திரையில் விரலால் தள்ளாமல் வாசிக்கக்கூடிய அளவு. கடைகளின் கடன் கொப்பியைத் தொலைபேசிக்குக் கொண்டுவரும் ஒரு குழுவுக்காகப் போன மாதம் நாங்கள் திருத்தியது, தமிழில், ஏறக்குறைய இது:

"வணக்கம். பலசரக்குக் கடைகளின் கடன் கொப்பிக்குப் பதிலான மென்பொருள் செய்கிறோம். யாழ் மாவட்டத்தில் 140 கடைகள் மாதம் 1,500 ரூபாய் கட்டிப் பயன்படுத்துகின்றன. ஆறு மாதத்துக்கு முன் 31. இடையில் விட்டுப்போனவை 9. வட மாகாணத்துக்கு வெளியே செல்ல 2 கோடி ரூபாய் திரட்டுகிறோம், 60 இலட்சம் உறுதியாகிவிட்டது. சில்லறை வணிகத்தில் நீங்கள் முன்பு முதலிட்டிருப்பதால் எழுதுகிறேன். அடுத்த வாரம் 20 நிமிடம் பேச முடியுமா? டெக் இணைப்பில் இருக்கிறது."

அவர்கள் முதலில் கொண்டுவந்த வடிவத்தில் "இன்றைய நவீன உலகில்" என்று ஒரு பந்தி இருந்தது. அதை வெட்டினேன். விட்டுப்போன 9 கடைகளைச் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் வாதாடினார்கள். அந்த வரிதான் மற்ற எண்களை நம்பவைக்கிறது.

அறிமுகம் செய்துவைக்க ஒருவரும் இல்லையே?

அந்த முதலீட்டாளர் ஏற்கெனவே காசு போட்ட நிறுவனங்களின் நிறுவனர்களுக்கு எழுதுங்கள். காசு கேட்டு அல்ல, அவரோடு வேலை செய்வது எப்படியிருக்கிறது என்று கேட்டு. பாதிப் பேர் பதில் எழுதுவார்கள், அதில் ஒருவராவது "நான் பேசிப் பார்க்கிறேன்" என்பார். நிறுவனரின் வாயால் வரும் அறிமுகம், அமைச்சரின் கடிதத்தை விடப் பெறுமதியானது. அமைச்சரின் கடிதத்தைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

டெக்கில் எத்தனை ஸ்லைடுகள்?

கை கவாசாகி என்ற அமெரிக்க முதலீட்டாளரின் பழைய விதி ஒன்று உண்டு: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்தின் அளவு 30. விதியை எழுத்துக்கு எழுத்து காக்கவேண்டியதில்லை. ஆனால் டெக்குகளை இணையத்தில் பகிர உதவும் டொக்செண்ட் நிறுவனம் 2015 இல் 200 தொடக்க நிறுவனங்களின் டெக்குகள் எப்படி வாசிக்கப்படுகின்றன என்று பார்த்தபோது, ஒரு டெக்குக்கு முதலீட்டாளர்கள் செலவிட்ட சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி. நீங்கள் மூன்று வாரம் இரவிரவாகச் செய்ததை அவர் ஓட்டோவில் போகும்போது பார்த்து முடிக்கிறார்.

ஆகவே ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் ஒரு முழு வசனமாக இருக்கட்டும். "பிரச்சினை" என்று தலைப்பிடாமல், "கடைக்காரர் கொடுத்த கடனில் ஒரு பகுதியைக் கொப்பியிலேயே தொலைக்கிறார்" என்று எழுதுங்கள். தலைப்புகளை மட்டும் தொடர்ந்து வாசித்தால் கதை புரியவேண்டும். என் சிவப்புப் பேனை அந்தச் சோதனையைத்தான் முதலில் செய்கிறது.

நேரில் இயக்கிக் காட்டுவதானால் ஒரு நிமிட வீடியோவையும் பதிவுசெய்து கையில் வைத்திருங்கள். சிக்னல் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

சந்தை எவ்வளவு பெரியது என்று எப்படிக் காட்டுவது?

"உலகச் சந்தை 50 பில்லியன் டொலர். அதில் ஒரு வீதம் பிடித்தாலே போதும்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு முதலீட்டாளர்களுக்குக் காது புளித்துவிட்டது. அந்த ஒரு வீதத்தை யார் போய்ப் பிடிப்பது?

கீழிருந்து எண்ணுங்கள். கடன் கொப்பிக் குழுவில் உள்ள தங்கை ஒருத்தி ஒரு சனிக்கிழமை சைக்கிளில் ஏறி, காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலிலிருந்து இணுவில் வரை இருபக்கமும் இருந்த பலசரக்குக் கடைகளை எண்ணினாள். 64. ஒவ்வொன்றிலும் இறங்கி ஒரு சோடா வாங்கவோ முகவரி கேட்கவோ செய்தாள். 41 கடைகளில் மேசையில் கடன் கொப்பி இருந்தது. 17 பேர் "மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்றால் பார்க்கலாம்" என்றார்கள். மூன்று பேர் அடுத்த கிழமையே சேர்ந்தார்கள். அவள் ஸ்லைடில் வைத்தது அந்தச் சாலையின் கைவரைபடத்தையும் அந்த நான்கு எண்களையும்தான். அதிலிருந்து மாவட்டத்துக்கும் நாட்டுக்கும் பெருக்கிக் காட்டினாள். கொழும்பில் அந்த ஸ்லைட் வந்தபோது முதலீட்டாளர் கதிரையை முன்னே இழுத்துப்போட்டார் என்று சொன்னார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. 2012 கணக்கெடுப்பின்படி யாழ் மாவட்டத்தில் ஐந்து இலட்சத்து எண்பத்து மூவாயிரம் பேருக்குச் சற்று அதிகம். மாவட்டத்தோடு நிற்கிற தொழிலுக்குத் துணிகர முதலீடு வராது. அடுத்த ஊர் எது, அதற்கடுத்த நாடு எது என்பதற்குப் பதில் வைத்திருங்கள்.

என் ஆங்கிலம் சரளமாக இல்லை. அது தடையா?

சரளம் தேவையில்லை, எண் தவறக்கூடாது. மேடையில் ஒரு தம்பி 2 கோடியை "ரூ மில்லியன்", அதாவது 2 மில்லியன், என்று சொல்லிவிட்டார். 2 கோடி என்பது 20 மில்லியன். ஒரு சொல்லில் பத்தில் ஒன்பது பங்கு காற்றில் போனது. கேள்வி கேட்டவர்கள் இவ்வளவு குறைந்த காசில் எப்படி நடத்துவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவருக்கு விளங்கவில்லை. உங்கள் டெக்கில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஆங்கிலத்தில், ரூபாயிலும் டொலரிலும், உரத்துச் சொல்லிப் பழகுங்கள்.

டொலர் என்றதும் இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. வருமானம் ரூபாயில், சேர்வர் வாடகை டொலரில் என்றால், இதுபோல இன்னொரு தரம் நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். இலங்கையில் காசு போடுகிற எவரும் அந்த ஆண்டை மறக்கவில்லை.

ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் "சேர்" போடுவதைக் குறையுங்கள். வணக்கம் சொல்லும்போது ஒரு தரம் போதும். நீங்கள் உத்தியோகம் கேட்டுப் போகவில்லை.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?

ரியூட்டரியில் வளர்ந்தவர்கள் நாங்கள். விடைத்தாளில் வெற்றிடம் விடக்கூடாது, தெரிந்ததை எழுதிவை, அரை மார்க்காவது வரும் என்று பழக்கப்பட்டவர்கள். இந்த அறையில் அந்த அரை மார்க் உங்களைக் கவிழ்த்துவிடும். கேள்வி கேட்பவருக்குப் பல வேளைகளில் விடை தெரியும். "இப்போது என்னிடம் அந்த எண் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி, வியாழனே அனுப்புங்கள்.

கம்பனியின் மதிப்பை யார் சொல்வது?

இருவரும் பேசித் தீர்ப்பது. கணக்கு மட்டும் உங்கள் விரல் நுனியில் இருக்கட்டும். காசு வருவதற்கு முன் மதிப்பு 8 கோடி, வருகிற காசு 2 கோடி என்றால், பின்மதிப்பு 10 கோடி, முதலீட்டாளருக்கு 20 வீதம். சமபங்காக இருந்த இரு நிறுவனர்களிடமும் 40, 40 மிஞ்சும். ஊழியர்களுக்கு 10 வீதம் ஒதுக்கவேண்டும், அதையும் முன்மதிப்புக்குள்ளேயே எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னால் உங்களுக்கு 35, 35. மதிப்பு மாறவில்லை, உங்கள் பங்கு மாறிவிட்டது. "8 கோடி" என்ற சொல்லில் மயங்கி இதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டவர்களை எனக்குத் தெரியும்.

என் யோசனையைத் திருடிவிடுவார்களே? இரகசிய ஒப்பந்தம் கேட்கலாமா?

முதல் சந்திப்பில் கையெழுத்திடமாட்டார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நிறுவனங்களைப் பார்க்கிறவர், ஒரே மாதிரியான மூன்றைப் பார்த்திருப்பார். மூலநிரலையும் வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியலையும் முதல் நாளே கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

"தொடர்பில் இருப்போம்" என்றால் ஆமா, இல்லையா?

இல்லை. நம் ஊர்ப் "பார்ப்போம்" போலத்தான். ஆனால் கதவைச் சாத்தாத இல்லை. "எந்த எண்ணைக் கண்டால் திரும்பப் பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் குறித்துவைத்து, அந்த எண்ணைத் தொட்ட அன்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்தவர்.

வீடுகளையும் அறைகளையும் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் 2008 இல் 1.5 மில்லியன் டொலர் மதிப்பில் 150,000 டொலர் திரட்ட முயன்றார்கள். அறிமுகமான ஏழு முதலீட்டாளர்களில் ஐவர் மறுத்தார்கள், இருவர் பதிலே எழுதவில்லை. நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி அந்த மறுப்புக் கடிதங்களை 2015 இல் வெளியிட்டார். வாசித்துப் பாருங்கள், எல்லாம் மரியாதையான, இரண்டு மூன்று வரிக் கடிதங்கள். மறுத்தவர்கள் முட்டாள்களும் அல்லர். மறுத்தவரோடு வாதாடி நீண்ட மின்னஞ்சல் எழுதாதீர்கள். நான் ஒன்று எழுதினேன், இன்றும் நினைத்தால் கூசுகிறது.

கனடாச் சித்தப்பாவும் சூரிச் மாமாவும் ஏற்கெனவே காசு தந்திருக்கிறார்கள். அது சிக்கலா?

காசு சிக்கலன்று, வாய்ப்பேச்சுத்தான் சிக்கல். "ஐந்து இலட்சம் அனுப்பினேன், பிறகு பார்ப்போம்" என்பது கடனா, பங்கா, அன்பளிப்பா? முதலீட்டாளர் பங்குப் பட்டியலைக் கேட்கும்போது பதினேழு உறவினர்களின் பெயரும் பக்கத்தில் கேள்விக்குறியும் இருந்தால் அவர் தயங்குவார். தனியார் கம்பனிக்கு நம் சட்டத்தில் பங்குதாரர் உச்சவரம்பு 50 என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுங்கள். தொடக்க நிறுவனங்களுக்குக் காசும் பயிற்சியும் தரும் அமெரிக்காவின் வை கொம்பினேட்டர் 2013 இல் கொண்டுவந்த சேஃப் என்ற எளிய ஆவணம் ஒரு வழி: இன்று காசு, அடுத்த பெரிய முதலீடு வரும்போது அந்த விலையிலிருந்து ஒரு கழிவோடு பங்கு. அதை அப்படியே தரவிறக்கிக் கையெழுத்திடாமல், நம் கம்பனிச் சட்டத்துக்கு ஏற்ப ஒரு சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவியுங்கள். மாமா கோபிப்பார், "என்ன தம்பி, என்னை நம்பவில்லையா?" என்பார். "நாளை வருகிற அந்நியர் நம்பவேண்டும் மாமா" என்று சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வரும்போது கோயில் வீதியில் கணக்குக் கேட்கப்படுவதை விட இது மேல்.

நிபந்தனைத் தாளில் எதைக் கவனிப்பது?

டேர்ம் ஷீட் என்று அவர்கள் அனுப்பும் அந்தச் சில பக்கங்கள் பெரும்பாலும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இரகசியம் காப்பது, குறித்த காலத்துக்கு வேறு ஆளோடு பேசாதிருப்பது போன்ற பகுதிகள் மட்டும் கட்டுப்படுத்தும். ஆனாலும் அதில் இட்ட கோட்டைப் பிறகு அழிப்பது கடினம்.

யாழ்ப்பாணத்தானுக்கு இதை வாசிக்கப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. காணி உறுதி வாசிக்கிற கண்ணோடு வாசியுங்கள். கிழக்கு எல்லை யாருடையது, கிணற்றில் பங்கு உண்டா, வழி உரிமை உண்டா என்று ஒவ்வொரு சொல்லாக நோண்டுகிற நாங்கள், கம்பனி ஆவணம் என்றதும் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் கூட்டுக் காணியின் பங்கை விற்பதானால் முதலில் மற்றப் பங்குக்காரருக்குச் சொல்லவேண்டும் அல்லவா? ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த வழமைதான். முதலீட்டாளர் கேட்கும் முதல் மறுப்புரிமையும் அதே சரக்கு, வேறு பெட்டி.

மிகக் கவனிக்கவேண்டியது விற்பனையில் யாருக்கு முதலில் காசு என்பது. 2 கோடி போட்டு 20 வீதம் வைத்திருக்கிறார். கம்பனி 6 கோடிக்கு விலைபோகிறது. ஒருமடங்கு முன்னுரிமை மட்டும் என்றால் அவர் தன் 2 கோடியை எடுப்பார், 4 கோடி மற்றவர்களுக்கு. முதலையும் எடுத்து மீதியிலும் பங்கு என்று எழுதியிருந்தால் 2 கோடியோடு மீதி 4 கோடியின் 20 வீதமும் சேர்ந்து 2 கோடி 80 இலட்சம். இரண்டு மடங்கு முன்னுரிமை என்றால் 4 கோடி அவருக்கே. ஒரு சொல்லுக்கு ஒரு காணியின் விலை.

நிறுவனரின் சொந்தப் பங்கே நான்கு ஆண்டில் சிறிது சிறிதாகத்தான் உரித்தாகும், முதல் ஆண்டுக்குள் விலகினால் ஒன்றுமில்லை என்றும் இருக்கும். அதை அவமானமாக எடுக்கவேண்டாம். உங்கள் கூட்டாளி எட்டாம் மாதம் ஆஸ்திரேலியா போகும்போது அதன் அருமை தெரியும்.

கம்பனியை எங்கே பதிவது?

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இங்கே பதிந்தால் தொடங்கப் போதும். வெளிநாட்டுக் காசு பங்குக்காக வருவதானால் அது உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டுக்கென வங்கியில் திறக்கும் கணக்கு) வழியாக வரட்டும். சித்தப்பா உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பியதைப் பிறகு பங்கு முதலீடு என்று நிரூபிப்பது பெரும்பாடு. சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்திலோ பதிவதெல்லாம் அங்குள்ள முதலீட்டாளர் ஒருவர் உண்மையாகக் கேட்கும்போது யோசிக்கலாம்.

இலங்கையிலிருந்து போய் யாராவது வென்றிருக்கிறார்களா?

2005 இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனத்தை, 600 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் வாங்குவதாக ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.ரி. 2024 இல் அறிவித்தது. அதே ஆண்டு, தொலைபேசியில் வாடகை வண்டி அழைக்கும் செயலியான பிக்மீ கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. டபிள்யூ.எஸ்.ஓ.2 க்கு எடுத்தது 19 ஆண்டுகள். உங்கள் டெக்கில் "மூன்றாம் ஆண்டில் விற்பனை" என்று போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

காசு வந்த பிறகு எவ்வளவு அடிக்கடி பேசவேண்டும்?

மாதம் ஒரு மின்னஞ்சல், ஒரே திகதியில். வங்கியில் இருக்கும் காசு, மாதச் செலவு, எத்தனை மாதம் தாங்கும், வருமானம், நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, உங்களிடம் கேட்கும் உதவி ஒன்று. அரைப் பக்கம். காசு போடாமல் "தொடர்பில் இருப்போம்" என்றவர்களுக்கும் வங்கி இருப்பை நீக்கிவிட்டு இதை அனுப்பலாம்.

கெட்டதை ஒளிப்பதுதான் நம் குணம். 2018 இல் என் மிகப் பெரிய ஹோட்டல் வாடிக்கையாளர் விலகினார், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேறொருவரைப் பிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் என் முதலீட்டாளருக்குச் சொல்லவில்லை. அவர் அதை ஒரு கலியாண வீட்டில் வேறு வாயால் கேட்டார். மறுநாள் தொலைபேசியில் கோபமே இல்லை. "அந்த ஹோட்டலின் பணிப்பாளர் என்னோடு படித்தவர். முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு சொல் பேசியிருப்பேன்" என்றார், அவ்வளவுதான். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் ஹோட்டல்கள் வெறுமையானபோது அன்றிரவே எழுதினேன். இரண்டாம் தரம் காசு தந்தார். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. மூடுவது என்ற முடிவையும் அவரோடு பேசியே எடுத்தேன். இப்போதும் தைப்பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

வீட்டில் என்ன சொல்வது?

"கடன் வாங்கவில்லை" என்று முதலில் சொல்லுங்கள். அம்மாவுக்கு மற்றதெல்லாம் பிறகு.

சந்திப்பு முடிந்ததும் எப்போது எழுதவேண்டும்?

அன்றைக்கே. கொழும்பில் இருப்பவர் அலுவலகத்துக்குத் திரும்பி எழுதுவார். உங்களுக்கு வெள்ளவத்தையில் இரவு பஸ் இருக்கிறது. ஏறி இருந்ததும் அவர்கள் கேட்ட கேள்விகளை வரிசையாகக் குறியுங்கள், ஒரு மணி நேரத்தில் பாதி மறந்துபோகும். நன்றி ஒரு வரி, கேட்ட எண்கள், அனுப்புவதாகச் சொன்ன ஆவணம், அடுத்த படி என்ன, எந்தத் திகதி. தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் இறங்கி, வெளிச்சத்தில் ஒரு தரம் வாசித்துப் பார்த்து அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வவுனியா வரை நித்திரை கொள்ளலாம்.